இடப்பக்கக் கண்

செல்வக்கனி கணவன் இசக்கியோடு கோவில்பட்டி லாரி நிறுத்தத்துக்குச் சந்தனக் கிண்ணத்துடன் வந்தாள். சென்ற வாரம் நாற்கரச் சாலையில், திரும்பிக்கொண்டிருந்த கன்டெய்னர் லாரியின் இடப்பக்கத்தில் இசக்கி பைக்கை நுழைத்துவிட்டான். லாரி அவனைப் பார்த்துச் சட்டென்று நின்றதால் உயிர் தப்பினான். அதே லாரிதான் இப்போது நிறுத்தத்தில் நின்றது.

“டிரைவர் எங்கண்ணே? ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிருதேன்.”

“இது தானா ஓடுத வண்டிம்மா. டிரைவரே கிடையாது,” என்ற காவலாளி, லாரியின் இடப்பக்கத்தில் இருந்த கேமராவைக் காட்டினார். “ஒன் வீட்டுக்காரரப் பாத்தது இந்தக் கண்ணுதான்.”

செல்வக்கனிக்குக் கண் நிறைந்தது. கேமராவின் நடுவில் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்துக் கும்பிட்டாள்.

“இடப்பக்கம் தெரியவில்லை,” என்றது லாரி. “கிளம்ப முடியாது.”

“ஏட்டி, காப்பாத்துன கண்ணையே அடச்சிட்டியே!” என்று இசக்கி தலையில் அடித்துக்கொண்டான்.

அவள் பதறிப்போய் முந்தானையால் துடைத்தாள்.

“இப்போது தெரிகிறது. சக்கரத்தை ஒட்டி ஒருவர் நிற்கிறார். அவர் தள்ளிப் போகட்டும்.”

“இன்னைக்கும் அங்கனயேதான் போயி நிக்கியளா!”

இசக்கியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒரு கையால் லாரியைக் கும்பிட்டாள். அது சாலையேறி மறையும்வரை மறு கை சட்டையை விடவில்லை.