இரண்டாவது முடிச்சு

மிச்சியோ சிவப்பு நூலைக் கீபோர்டின் குறுக்கே இழுத்துப் பிடித்தாள், யாருடைய கழுத்துக்கோ அளவெடுப்பதுபோல. நூலில் இரண்டு முடிச்சுகள் இருந்தன. கீபோர்டு முதல் முடிச்சைத் தாண்டி, ஏறக்குறைய இரண்டாவது முடிச்சு வரைக்கும் நீண்டு கிடந்தது.

"இது வேணாம். கீபோர்டா இது, மீன் வெட்டுற பலகையா?"

ஒசாகாவில், நிப்பொம்பாஷியின் கணினிக் கடை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கடைக்காரர் ஓனிஷி மீசையைத் தடவிக்கொண்டார். "சார் என்ன வேலை பார்க்கிறார்மா?"

"கணக்கு. கம்பெனியில." கம்பெனி என்ற சொல்லை, சோற்றில் அகப்பட்ட கல்லைத் துப்புவதுபோலச் சொன்னாள்.

"அப்ப யோசிக்கவே வேணாம், பெரிசையே எடுங்க. வலது பக்கம் எண்ணுக்குன்னே தனிக் கட்டம் இருக்கு பாருங்க. சின்னதுல அது கிடையாது. ஒவ்வொரு எண்ணையும் மேல் வரிசையில தேடித் தேடித் தட்டணும், விரல் தேஞ்சிடும்."

"கேட்டியா?" என்றார் அவள் கணவர் ஷிகேரு. ஆனால் அவருக்கு உண்மையில் வேண்டியது சின்னதுதான்.

ஏப்ரலிலேயே கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மிச்சியோவுக்குத் தெரியாது. தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு கிளம்பி, சுருஹாஷி நிலையத்துக்கு எதிரே ஒரு காபிக்கடையின் மாடியில், கையகல மேசை ஒன்றில் போய் உட்கார்ந்துவிடுவார். அங்கே காலை நேரத்தில் காபி வாங்கினால் அவித்த முட்டை ஒன்று சேர்ந்தே வரும். அதை வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று சில்லறைக் கடைகளுக்கு மடிக்கணினியில் கணக்கு எழுதிக் கொடுப்பார். கம்பெனி கடைசியாகக் கொடுத்த தொகைதான் மாதாமாதம் சம்பளம் என்ற பெயரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

போன வாரம் மடிக்கணினியில் பாதிப் பொத்தான்கள் செத்துவிட்டன. வீட்டில் பணப்பை மிச்சியோவின் கையில். "ஆபீஸ் கீபோர்டு போச்சு, அவங்கவங்களே வாங்கிக்கணுமாம்" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். "நானும் வரேன்" என்று அவள் செருப்பை மாட்டுவாள் என்று யார் கண்டது?

சின்னதை எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எண் கட்டம் இல்லாத கீபோர்டை எந்தக் கணக்கு மேலாளர் ஆபீசுக்கு வாங்குவான்?

"பெரிசுதான் வேணும்," என்றார்.

"சின்னது போதும்."

"கணக்கு வேலையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"தெரியற மாதிரி நீங்க என்னைக்கு வாயைத் திறந்தீங்க?"

"சொன்னாப் புரிஞ்சு கிழிச்சிடுவ."

"சொல்லிப் பார்த்திருக்கலாமே."

ஓனிஷி தொண்டையைச் செருமினார். "ரெண்டுக்கும் நடுத்தரமா ஒண்ணு இருக்கும்மா. எண் கட்டம் மட்டும் இருக்காது, மத்ததெல்லாம்..."

"நீங்க பேசாம இருங்க!" இருவரும் ஒரே குரலில் அவர்மேல் பாய்ந்தார்கள். பக்கத்தில் விலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மெதுவாக அடுத்த வரிசைக்கு நழுவினார்.

மிச்சியோ பெரிய கீபோர்டை ஒரு கையால் தூக்கிப் பார்த்துத் தொப்பென்று போட்டாள். "இதைத் தினமும் தூக்கிக்கிட்டு அலையப் போறீங்களா?"

"எதுக்கு அலையணும்? ஆபீஸ் மேசையிலேயே கிடக்கும்."

"ஓ! விட்டுட்டு வந்தா மறுநாள் அங்கேயே இருக்குமா? அவ்வளவு மரியாதையா உங்களுக்கு அங்க?"

"அங்கேயே உழைச்சுத் தலை நரைச்சவன்டி நான்!" ஷிகேருவின் குரல் உடைந்து உயர்ந்தது. "எனக்குன்னு மேசை இருக்கு. ரெண்டு ஆள் படுக்கலாம், அவ்வளவு அகலம்!"

மிச்சியோ சிரித்தாள். அது நல்ல சிரிப்பாக இல்லை. "படுக்கிறதுக்குத்தான் மேசையா?"

கீழ்த்தட்டில் இருந்ததிலேயே சின்னதை எடுத்து மேலே வைத்தாள். மறுபடி நூலைப் பிடித்தாள். கீபோர்டின் ஓரம் முதல் முடிச்சில் கச்சிதமாக வந்து நின்றது.

"இதைக் கட்டுங்க," என்றாள் ஓனிஷியிடம்.

ஷிகேருவுக்கு உள்ளூர நிம்மதி. ஆனாலும் சும்மா ஒப்புக்கொண்டால் சந்தேகம் வரும். பார்வையிலேயே ஆழம் பார்க்கிறவள் அவள். "இதைக் கொண்டு போனா கணக்குப் பிரிவே கைகொட்டிச் சிரிக்கும்," என்று கத்தி வைத்தார்.

"யாரெல்லாம் சிரிச்சாங்கன்னு சாயங்காலம் வந்து சொல்லுங்க."

"கஞ்சத்தனம்! விலை கம்மின்னதும் கை தானாப் போகுது."

அவள் பணத்தை எண்ணித் தட்டில் வைத்தாள். ஓனிஷி யாரையும் பார்க்காமல், பெட்டிக்குப் பையைத் தேடுவதில் மும்முரமாக இருந்தார். ஷிகேருவுக்குத் தெம்பு வந்தது. கண்டம் தாண்டியாயிற்று. இனி ஒரு குத்து குத்திவிட்டுக் கிளம்பலாம்.

"கீபோர்டு வாங்க நூலை எடுத்துக்கிட்டு வந்த முதல் ஆள் நீதான். சமையல்கட்டு அலமாரின்னு நினைச்சியா? சரி, முதல் முடிச்சு கீபோர்டுக்கு. அதுக்கு அந்தாண்ட இன்னொரு முடிச்சு போட்டு இவ்வளவு இடம் விட்டிருக்கியே, அது எதுக்கு?"

மிச்சியோ நூலை விரலில் சுற்றிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"உங்க காபிக்கும் அவிச்ச முட்டைக்கும்."