ஞாயிற்றுக்கிழமை தவிர

அந்தக் கோப்பில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அப்பாவின் கடைப் பெயர், அதன் எதிரே ஓர் எண்.

எழுதியது நான்தான்.

ஓர் இணையப் பெயருக்கு உரிய முகவரி எண்ணை வெளியே கேட்பதற்கு முன் கணினி முதலில் இந்தக் கோப்பைத்தான் பார்க்கும், இதில் இருந்தால் வேறு யாரையும் கேட்காது என்று மாலை வகுப்பில் சொன்னார்கள். பழைய வரிகளை அழித்துப் பார்ப்பது இன்றைய பயிற்சி.

அப்பா கோபித்துக்கொண்டு போய் ஐந்து மாதம். கடையை மூடிவிட்டோம். கடையின் இணையப் பக்கத்தில் அக்கா சொன்ன வரியை மட்டும் போட்டேன்: அப்பா, யாருக்கும் கோபம் இல்லை, வந்துவிடுங்கள்.

அந்தப் பக்கத்தைத் தினமும் திறந்து பார்ப்பது அவர் வழக்கம்.

இரண்டு மாதத்துக்கு முன் அதை வேறு சர்வருக்கு மாற்றி, பழையதை மூடிவிட்டேன். சோதிப்பதற்காகப் புது எண்ணை என் மடிக்கணினியின் இந்தக் கோப்பில் எழுதினேன். ஊருக்கெல்லாம் எண் சொல்லும் பதிவிலும் மாற்ற வேண்டும். மாற்றியதாகத்தான் குறிப்பேட்டில் டிக் இருக்கிறது.

புது சர்வரில் தினமும் இரண்டு வருகை. காலை ஏழுக்கு நான். பதினொன்றே காலுக்கு இன்னொருவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் வருவதில்லை.

"அப்பாதான்டா! ஞாயித்துக்கிழமைன்னா அவருக்கு லீவுதானே" என்பாள் அக்கா. அவள் பக்கத்தைத் திறக்க மாட்டாள், அழுகை வந்துவிடும். என்னிடம் கணக்கு மட்டும் கேட்பாள்.

வரியை அழித்தேன். பக்கம் வரவில்லை. அடுத்த நாற்காலிக்காரரின் போனிலும் வரவில்லை.

"என்னப்பா, வழியே போடாம ஷட்டரைத் தொறந்து வெச்சிருக்கியா?" என்று சிரித்தார்.

பதிவில் எண்ணை மாற்றினேன். மூன்று முறை சரிபார்த்தேன்.

அப்படியானால் இரண்டு மாதமாக அந்தப் பக்கம் உலகத்திலேயே ஒரே ஒரு கணினியில்தான் திறந்திருக்கிறது. அது பகலெல்லாம் வீட்டில் என் மேசை மேல் கிடக்கும். பதினொன்றே காலுக்கு நானும் அக்காவும் வேலையில் இருப்போம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில். மற்ற நாளெல்லாம் பகலில் வீட்டில் அம்மா மட்டும்தான்.

அப்பா பேச்சை எடுத்தாலே அம்மா தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

பதிவில் செய்த மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர ஒரு நாள் ஆகலாமாம். நாளை வியாழக்கிழமை.

அழித்த வரியை மறுபடி எழுதிவிட்டு மடிக்கணினியை மூடினேன்.