நாக்கில் பட்ட தண்ணீர்

உப்புதான், சந்தேகமே இல்லை. இவரிடம் சொன்னால் குற்றம் கடலுடையதாக இருக்காது, என்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறாள். பாய்மரப் படகின் தரைப்பலகையைத் தூக்கிவிட்டு அவள் மண்டியிட்டிருக்கிறாள். காலையில்தான் இறைத்துத் துடைத்த அடிக்குழியில் மறுபடி தண்ணீர், எண்ணெய் மினுக்கத்தோடு ஆடுகிறது. அதை நாக்கில் வைத்துப் பார்ப்பது இந்தப் படகில் அவள் வேலை. சப்பென்று இருந்தால் குடிதண்ணீர்த் தொட்டி கசிகிறது; கரித்தால் கடல் உள்ளே வருகிறது. சுருட்டுப் பிடித்து மரத்துப்போன கணவரின் நாக்குக்கு இரண்டும் ஒன்று. குழித் தண்ணீரை இறைக்கும் பம்பு இருமி இருமி நிற்கிறது. அவர் ஸ்பானரால் அதன் தலையில் தட்டுகிறார். "என்ன, நல்ல தண்ணிதானே?" "கரிக்குது." "உன் நாக்குல எது பட்டாலும் கரிக்கத்தான் செய்யும். கல்யாணம் ஆனதுலேர்ந்து பாக்குறேன்." சிரிக்காமல் சொல்கிறார். ஸ்பானர் அவள் முழங்காலை ஒட்டி விழுந்து உருள்கிறது. மேலே, ஏணி வாசலின் சதுர வெளிச்சத்தை ஒரு தலை மறைக்கிறது. கொழுந்தன். நீச்சல் தெரியாதவன், அண்ணனை நம்பி முதல்முறை கடலுக்கு வருகிறவன். "அண்ணி, கரைக்கயித்த அவுக்கட்டுமா? டேங்க் கசிவுதான்னு அண்ணன் சொல்றாரே?" கணவர் குனிகிறார். சுருட்டு நாறும் மூச்சு அவள் காதில் சுடுகிறது. "ஆமான்னு சொல்லு. தம்பி முன்னாடி என் மானத்த வாங்காத." விரல் நுனியில் ஈரம் காய்ந்து தோல் இழுக்கிறது. அவள் நிமிர்ந்து அந்த வெளிச்சத்தை மட்டும் பார்க்கிறாள். "அவுக்காதீங்க தம்பி" என்கிறாள்.