மைக்குக்குப் பிடித்த குரல்

ஒலிப்பதிவு அறை ஒன்றில் மைக்கும் ஸ்பீக்கரும் எதிரெதிரே இருந்தன. ஹெட்போன் ஓரமாகத் தொங்கியது.

பாடகி அல்லியரசி வந்தாள். மாலைக்குள் பாட்டை அனுப்பாவிட்டால் வாய்ப்பு வேறொருத்திக்குப் போய்விடும். அவள் பாடியதை மைக் வாங்கிக் கணினிக்குக் கொடுத்தது. கணினி அதை உடனே ஸ்பீக்கரில் விட்டது.

"அண்ணே, இது என் குரலா?" என்றது மைக்.

"பின்னே? அவள் சும்மா வாயசைக்கிறாள். பாடுவது நீதான் தம்பி," என்றது ஸ்பீக்கர்.

மைக்குக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் புகழ்ச்சியையும் வாங்கி உள்ளே அனுப்பியது. ஸ்பீக்கர் அதையே இன்னும் உரக்கச் சொன்னது. மைக் மறுபடியும் வாங்கியது. சற்று நேரத்தில் பாட்டு காணாமல் போய், அறை முழுக்க ஒரே ஊளையாக இருந்தது. அல்லியரசி காதைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தப் பெண்ணின் பிழைப்பைக் கெடுக்கிறீர்கள்," என்றது ஹெட்போன்.

"உனக்குப் பொறாமை. ஒருத்தர் காதைத் தாண்டி உன் பேச்சு எடுபடாது," என்றது மைக்.

அல்லியரசி மைக்கைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். ஊளை நிற்கவில்லை. கடைசியில் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து பாடினாள்.

"அண்ணே, ஏன் பேசமாட்டேன் என்கிறீர்கள்?" என்று மைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

பாடி முடித்தவள், பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டு நிம்மதியாக அனுப்பினாள்.

"பாட்டு அருமையாக வந்திருக்கிறது," என்றது ஹெட்போன்.

"எந்தப் பாட்டு?" என்று கேட்டது மைக்.