படுக்கை விரிப்பின் மேல் ஒரு படகு

டென்சில் கடையின் நடுவே ஒரு பழைய படுக்கை விரிப்பை விரித்து, அதன் மேல் மண்டியிட்டார். சாமான் வாங்க வந்த மற்றவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“தூங்கப் போறார்னு நினைச்சுக்காதே, பியர்ல்,” என்றார் அவர் மனைவி லவ்டே. “இதுதான் எங்க பாய்மரப் படகோட முன்தளமாம். நல்லா இருந்த விரிப்பை இந்த மனுஷன் முக்கோணமா வெட்டிட்டார்.”

படகுச் சாமான் கடைக்காரி பியர்ல் குனிந்து பார்த்தாள். அகலமான பக்கத்தில் பாய்மரத்துக்கு ஒரு வட்டம், கூர்முனையில் நங்கூரத்துக்கு ஒரு பெருக்கல் குறி, நடுவில் ஒரு சதுரம். அந்தச் சதுரம்தான் கீழ் அறையின் மூடி.

“காத்துப் படகைக் காத்தை இறக்கி மடிச்சு வச்சா, இந்தச் சதுரத்து மேல ஒரு விரல்கூட ஏறக் கூடாது,” என்றார் டென்சில். “உள்ளே தண்ணி வந்தா, கீழே படுத்திருக்கிறவங்க இது வழியாத்தான் வெளியே வரணும்.”

கரைக்குப் போய்வர உதவும் ரப்பர் காற்றுப் படகு ஒன்றைப் பியர்ல் மடித்து விரிப்பில் வைத்தாள். சதுரத்தில் ஏறியது. அடுத்தது வட்டத்தை இடித்தது. மூன்றாவது கச்சிதமாகப் பொருந்தியது. டென்சில் அதைப் பிரித்துக் காற்றடிக்கச் சொல்லி, உள்ளே உட்கார்ந்து பார்த்தார்.

“பக்கம் தாழ்வா இருக்கு.”

“கரைக்குப் போய்ப் பால் வாங்கிட்டு வரத்தானே?” என்றாள் பியர்ல்.

“பால் வாங்கப் போறவங்கன்னு பார்த்து அலை ஒதுங்குமா?”

லவ்டே ஒரு கயிற்றுச் சுருளின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். காலையிலிருந்து இது மூன்றாவது கடை. வாங்கி வைத்த இறைச்சி அடைத்த ரொட்டி பைக்குள்ளேயே ஆறிப்போயிருந்தது.

சென்ற அக்டோபரில் அவர்களுடைய பழைய காற்றுப் படகு, பென்ரின் ஆற்றின் நடுவில் ஒட்டு விட்டுப் பிளந்துபோனது. லவ்டேயை யாரோ ஒரு மீனவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிக் காப்பாற்றினார். அன்றிலிருந்து ஒட்டுப் போட்ட ரப்பரை டென்சில் நம்புவதில்லை.

“பழசைத்தான் மறுபடி ஒட்டியாச்சே. அதையே கட்டி வச்சா யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்லை,” என்றார் லவ்டே.

“கேக்க மாட்டாங்கதான்.” டென்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அடுத்ததை எடு, பியர்ல்.”

பியர்ல் இருப்பதிலேயே லேசான படகை எடுத்து வந்தாள். “உங்க வயசுல எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க. ஒத்தைக் கையால தூக்கிடலாம்.”

அதுவும் பொருந்தியது. டென்சில் அதன் அடிப்பாகத்தை முட்டியால் அழுத்தினார். “மெத்துமெத்துனு இருக்கே. நிக்கிறவங்க தடுமாறி விழுவாங்க.”

“நிக்காதீங்க. உக்காந்து போங்க.”

“எல்லாரும் சொன்ன பேச்சைக் கேட்டு உக்காருவாங்களா?”

ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பொறுமைக்காக வேண்டிக்கொள்பவள் பியர்ல். கேட்ட பொறுமையை ஆண்டவர் இப்படித்தான் பயிற்சி கொடுத்துத் தருவார் போலிருக்கிறது. கடை மூடும் நேரம் தாண்டியும், மடித்ததை விரித்து, விரித்ததை மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பலகை அடி வைத்த படகு ஒன்று வந்தது. உயரமான பக்கங்கள். மூன்று தனித்தனிக் காற்றறைகள்; ஒன்று கிழிந்தாலும் மற்ற இரண்டும் மிதக்க வைக்கும். பலகைகளைக் கழற்றி மடித்ததும், சதுரத்துக்கும் வட்டத்துக்கும் இடையில் அடங்கி உட்கார்ந்தது. ஆனால் அதை விரிப்பு வரைக்கும் இழுத்து வர பியர்லும் லவ்டேயும் சேர வேண்டியிருந்தது.

“இதுதான்,” என்றார் டென்சில்.

“உனக்கென்ன பித்தா? வலத் தோள் வலிக்குதுன்னு டீக் கெட்டிலையே இடக் கையாலதான் தூக்குறே,” என்றார் லவ்டே. “இதை முன்தளத்துல இருந்து தூக்கித் தண்ணில இறக்க அந்தத் தோள் தாங்குமா?”

“கனமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். என் தோளை விடு.”

“விட்டேன். உன்கிட்ட பேசுறதை விட அந்த நங்கூரத்துக்கிட்ட பேசலாம்.”

பியர்ல் பெருமூச்சு விட்டாள். நாள் முழுக்கப் பட்ட எரிச்சலை விழுங்கிவிட்டு, காற்றடிக்கும் பம்பு ஒன்றைத் தன் கணக்கில் எடுத்து மூட்டைக்குள் வைத்தாள்.

“கோடை முழுக்க ஓட்டிப் பாருங்க,” என்றாள். “தோளுக்குச் சரிப்படலைன்னா செப்டம்பர்ல கொண்டு வாங்க. லேசானதா மாத்தித் தர்றேன். வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

டென்சிலின் காது மடல் சிவந்தது. விரிப்பை மடிப்பதில் மும்முரமானார். “மாத்த வேண்டி வராது, கண்ணு.”

“இப்பவே எப்படிச் சொல்றீங்க? தண்ணியில இறக்கிப் பார்த்தாத்தானே தெரியும்? நாளைக்கே ஒரு சுத்துப் போயிட்டு வாங்க.”

டென்சில் விரிப்பை இன்னொரு மடிப்பு மடித்தார். லவ்டேதான் கயிற்றுச் சுருளிலிருந்து எழுந்து, பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டினார்.

“பாய்மரப் படகையே வித்தாச்சும்மா, இதுவும் அதோட போகுது. வாங்கினவங்களுக்குக் கைக்குழந்தை இருக்கு.”