ஊர்ப் பேச்சுக்குச் சாட்சி

“மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாருக்கா! இதோட பன்னண்டாவது வாட்டி. இன்னிக்கு அந்தாளை நேர்லயே ஒரு கை பாத்துடறேன்.”

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேணி பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்சா, மல்லாட்டை என்று இந்தப் பக்கம் சொல்கிற வேர்க்கடலையை அவித்து நிரப்பிய கூடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள். பாவம், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வியாபாரத்துக்கு நின்றிருந்தவளை வேணிதான் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

வேணி திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவள். மீதி நேரமெல்லாம் இலக்கணத்தோடு மல்லுக்கட்டுகிறவள். உலகத்து மொழிகளின் இலக்கணத்தையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் புரிகிற விதிகளாக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டு வைக்கிற ஒரு திட்டம். பல நாட்டுக்காரர்கள் சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள். இந்தப் பக்கத்து ஊர்ப் பேச்சை எழுதுவது வேணி. அதைச் சரிபார்த்து ஒப்புதல் தருவது விழுப்புரத்து சகாயராஜ். ஒருவரையொருவர் பார்த்ததில்லை. சண்டை மட்டும் எட்டு மாதமாக நடக்கிறது.

இன்று மாலை ஆறு மணிக்குப் புதிய பதிப்பு வெளியாகிறது. அதற்குள் சகாயராஜ் சரி என்று சொல்லாவிட்டால் அவளுடைய இரண்டு வருட உழைப்பு வெளியே நிற்க வேண்டியதுதான்.

“‘மல்லாட்டை தின்னுக்கினே வந்தான்’னு எழுதினேன். அதுக்கு அந்தாளு, ‘எங்க ஊர்ல எவனும் அப்படிப் பேசறதில்ல, துன்னுக்கினே வந்தான்னுதான் சொல்லுவாங்க’ன்றாரு. நீங்களே சொல்லுங்கக்கா, தின்னுக்கினுதானே?”

“ஆமா டீச்சரம்மா.”

“இதை அவர் மூஞ்சிக்கு நேரா சொன்னாப் போதும்.”

“அதுக்கென்னா, சொல்லிட்டாப் போவுது.”

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஊர்க்காரர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்பது திட்டத்தின் சட்டம். சாட்சியின் பெயரை எழுதக்கூடாது, எண் மட்டும்தான். வேணியின் சாட்சி அம்சா. இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கியம் கேட்டாள், அத்தனைக்கும் அம்சா ‘ஆமா’ என்றாள். ஒன்றுகூடத் தப்பில்லாமல் எழுதியிருக்கிறோமே என்று வேணிக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

சகாயராஜின் வீடு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், மாடியில் இருந்தது. அம்சாவைக் கூடையோடு கீழே நிறுத்திவிட்டு வேணி மட்டும் படியேறினாள். வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறவர். கைலியும் கண்ணாடியுமாகக் கதவைத் திறந்தார்.

“நான் வேணி. திண்டிவனம்.”

“ஓ, நீங்களா! வாங்க. ஆனா நேர்ல வந்தாலும் துன்னுக்கினு துன்னுக்கினுதாங்க.”

வேணிக்குச் சுள்ளென்று ஏறியது. “என்கிட்ட சாட்சி இருக்கு சார். இந்த மண்ணுலயே பொறந்து வளந்தவங்க.”

“என் சாட்சி மட்டும் அமெரிக்காவுலயா பொறந்தாங்க? இருநூத்தி நாப்பது வாக்கியம் கேட்டிருக்கேன். ஒண்ணுக்குக்கூட இல்லன்னு சொல்லலைங்க.”

“என் சாட்சியும்தான் சொல்லல!”

“அப்போ உங்க சாட்சிக்குத் தமிழ் சரியாத் தெரியலைன்னு அர்த்தம்.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனிதரிடம் என்ன பேசுவது? சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தேகால். வேணி வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தாள்.

“அக்கா! ஜல்தியா மேல வாங்க. அந்த வார்த்தையை இவர்கிட்ட ஒரு தடவை சொல்லிட்டுப் போங்க.”

கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க அம்சா படியேறி வந்தாள். அவளைப் பார்த்ததும் சகாயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

“அம்சாக்கா! நீங்க எங்க இங்க? நீங்க விழுப்புரத்துக்கு யாவாரத்துக்கு வர்றது செவ்வாக்கிழமைதானே?”

“டீச்சரம்மா கூப்டுச்சு சார். உங்க வூட்டுக்குன்னு தெரியாது.”

வேணி அவரைப் பார்த்தாள். அவர் வேணியைப் பார்த்தார். எட்டு மாதமாக இரண்டு பேரும் ஒரே ஆளைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டுதான் ஒருவரை ஒருவர் குதறிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“என்னாக்கா இது?” வேணிக்கு அழுகையே வந்துவிட்டது. “என்கிட்ட தின்னுக்கினு, இவர்கிட்ட துன்னுக்கினா?”

“கோச்சுக்காதீங்க டீச்சரம்மா. ரெண்டு பேரும் படிச்சவங்க. நோட்டும் கையுமா நின்னு ஆசையா ‘இப்படித்தானே?’ன்னு கேக்கறீங்க. மூஞ்சிக்கு நேரா இல்லன்னு எப்படிச் சொல்றது? மனசு கஷ்டப்படாதா?”

சகாயராஜ் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “போச்சு. பேஜாரா பூட்டுதுங்க. உங்க இருநூத்துச் சொச்சம், என் இருநூத்தி நாப்பது, எல்லாம் போச்சு.”

“இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு சார். அஞ்சு வாக்கியமாவது ஒழுங்கா எழுதி அனுப்புவோம்.” வேணி முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்சாவின் முன்னால் உட்கார்ந்தாள். “அக்கா, என்னையும் விடுங்க, இவரையும் விடுங்க. உங்க வூட்ல, உங்க புள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்லுவீங்களோ, அதை அப்படியே சொல்லுங்க. நாங்க வாயே தொறக்க மாட்டோம். எழுதிக்கறோம்.”

சகாயராஜும் லேப்டாப்பை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

அம்சாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. இப்படி ஒரு கேள்வியை இத்தனை நாளில் இரண்டு பேரில் ஒருவர்கூட அவளிடம் கேட்டதில்லை.

“வூட்லயா? வூட்ல நாங்க தெலுங்குதானே பேசுவோம்!”