எஞ்சின் அறையில் ஒரு மைக்

1930களில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா சாலைகளில் வெண்டல் ஓட்டிய சிவப்புப் பெட்ரோல் லாரி, நீர்த்துளி போல வழுவழுப்பானது. எஞ்சின் வால்பக்கம் இருந்ததால் அதன் சத்தம் ஓட்டுநருக்குக் கேட்காது. அதைக் கேட்டுக் கியர் மாற்றுவதற்காகவே எஞ்சின் அறையில் ஒரு மைக்கும் இருக்கையருகே ஒரு ஒலிபெருக்கியும் வைத்திருந்தார்கள்.

அன்று மதியம் பெட்ரோல் இறக்கி முடிந்ததும், பங்க்கை நடத்தும் இர்மா ஆசையாக ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கு வேடிக்கை காட்ட, வெண்டல் பின்னால் போய், அணைத்திருந்த எஞ்சின் அறையின் கதவைத் திறந்து பேசினான்.

“இர்மாக்கா, கேக்குதா?”

அவள் ஜன்னல் வழியே கத்தினாள். “நல்லா கேக்குதுப்பா! பக்கத்துல யாரு, பொண்டாட்டியா? சொல்லவே இல்லையே!”

“எனக்கு யாரு பொண்ணு குடுப்பா? நான் மட்டும்தான்க்கா நிக்கிறேன்.”

“பொய் சொல்லாத. கதவைச் சாத்தாதேன்னு உங்கிட்ட கெஞ்சுறாளே!”

வெண்டல் குனிந்து பார்த்தான். எஞ்சினைத் தவிர உள்ளே எதுவுமில்லை. ஓர் ஆள் நுழைய இடமுமில்லை. சட்டென்று கதவை அறைந்து சாத்தினான்.

இர்மா அலறியபடி குதித்து ஓடிவந்தாள். “அடப்பாவி, தொறடா! அழுதுக்கிட்டே தட்டுறா!”

வெண்டலுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஆனால் அவன் அழுத்திப் பிடித்திருந்த கதவு, உள்ளங்கைக்கடியில் விட்டுவிட்டு அதிர்ந்துகொண்டிருந்தது.